உங்கள் .22 ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா ஒத்துப்போகும்? ரேஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடிக்கும் முறை

".22-க்கு நல்ல தோட்டா எது?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ரைஃபிளுக்கு? ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் எண் உள்ள இரண்டு ரைஃபிள்களை எடுத்து, ஒரே டப்பாவிலிருந்து தோட்டா போட்டுச் சுட்டுப் பாருங்கள். ஒன்று ஐந்து குண்டையும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டைக்குள் போடும், மற்றது அதே ஐந்தைப் பேப்பர் முழுக்கப் பரப்பி வைக்கும். ரைஃபிளில் ஒரு குறையும் இருக்காது, தோட்டாவிலும் இருக்காது, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அதனால் அடுத்தவர் சொன்ன பெயரை நம்பி மொத்தமாக வாங்குவதற்கு முன் உங்கள் குழலையே கேட்டுவிடுங்கள். எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்டர்ஃபயர் ரைஃபிள், அதாவது தோட்டாவின் அடியில் நடுவில் பிரைமர் என்ற பொறி மூடி உள்ள வகை, வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சுட்டபின் மிஞ்சும் காலிக் கூட்டை (தோட்டாவின் உலோக உறையை) எடுத்து, புது பிரைமர் பொருத்தி, மருந்தைக் கால் கிரெய்ன் (தோட்டாவுக்குப் பயன்படும் சின்ன எடை அளவு) கூட்டிக் குறைத்துத் தங்கள் குழலுக்கு ஏற்றபடி தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்ளலாம். நமக்கு அது கிடையாது. .22 ரிம்ஃபயர் வகை, இதில் பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது, சுத்தி விழுந்ததும் விளிம்பு நசுங்கிவிடும், அந்தக் கூட்டின் ஆயுள் அத்தோடு முடிந்தது. தொழிற்சாலையில் என்ன போட்டார்களோ அதுதான் நமக்குக் கிடைக்கும். நம் கையில் இருப்பது தேர்ந்தெடுப்பது மட்டும், அதனால் அதை ஒழுங்காகச் செய்யவேண்டும்.

ஒரு .22 லாங் ரைஃபிள் தோட்டாவை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். 1887-இல் வந்த வடிவம், இன்றும் அடிப்படை மாறவில்லை. குண்டும் கூடும் ஒரே பருமனில் இருக்கும், குண்டின் அடிப்பகுதி மட்டும் ஒரு படி சிறுத்துக் கூட்டுக்குள் நுழைந்திருக்கும். அதனால் குண்டின் பக்கவாட்டில் பூசிய மெழுகோ கிரீஸோ வெளியே தெரியும்படியே இருக்கிறது, உருட்டிய விரலில் லேசாக ஒட்டும். சிலவற்றில் வழவழவென்று ஈரமாக, சிலவற்றில் காய்ந்த மெழுகாக. இந்தப் பூச்சு பெரிய விஷயம், பின்னால் மறுபடி வருகிறேன். பொறி மருந்து விளிம்பைச் சுற்றி எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது, வெடிமருந்தின் அளவு, கூடு குண்டைப் பிடித்திருக்கும் இறுக்கம், ஈயக் குண்டின் மூக்கில் விழுந்த சின்ன நசுங்கல் என்று எதில் வித்தியாசம் வந்தாலும் அது பேப்பரில் தெரிந்துவிடும்.

எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போவது

பேப்பரில் துல்லியம்தான் நோக்கம் என்றால் வேகத்தைத் துரத்தாதீர்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்று போட்டு வரும் 40 கிரெய்ன் தோட்டாக்களும் போட்டித் தோட்டாக்களில் ஏறக்குறைய எல்லாமும் இதற்குக் கொஞ்சம் கீழே, நொடிக்கு 325 முதல் 330 மீட்டர் என்ற அளவில்தான் குழலை விட்டு வெளியே வரும். ஹை வெலாசிட்டி வகைகள் ஒலியைவிட வேகமாகக் கிளம்புகின்றன, உதாரணமாக சிசிஐ மினி-மேக் 40 கிரெய்ன் நொடிக்கு 1,235 அடி, அதாவது 376 மீட்டர். கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே ஒலி வேகத்துக்குக் கீழே இறங்குகிறது, அந்த இறக்கத்தில் குண்டு தடுமாறுகிறது. இன்னொரு விஷயம் புதிதாக வருகிறவர்கள் நம்பவே மாட்டார்கள்: வேகமான .22 குண்டைத்தான் குறுக்குக் காற்று அதிகமாகத் தள்ளும். ஒலி வேகத்தை ஒட்டிக் காற்றின் தடை திடீரென்று ஏறுவதால் அது வழியில் இழக்கும் வேகம் அதிகம், காற்று தள்ளும் அளவு அந்த இழப்பைப் பொறுத்தது. மெதுவான குண்டு குறைவாக நகர்கிறது. எனக்கும் இது மண்டையில் ஏறக் கொஞ்ச நாளானது.

அதற்காக ஹை வெலாசிட்டியை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. உங்களுடையது அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவாக இருந்து, மெதுவான தோட்டாவில் போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் பகுதி) முழுதாகப் பின்னால் போகவில்லை என்றால் வேறு வழியில்லை, ஒன்றிரண்டு ஹை வெலாசிட்டி வகைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 கிரெய்னுக்குப் பக்கத்தில் எடையுள்ள அதிவேக வகைகளை மட்டும் துல்லியச் சோதனைக்கு எடுத்துப்போக வேண்டாம், அவை வேறு வேலைக்கு. அதேபோல் அகிலாவின் 60 கிரெய்ன் சப்சானிக் மாதிரி நீளமான குண்டுகளும் வேண்டாம். வழக்கமான .22 குழலின் உட்புறத்தில், குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகள் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன, அந்த நீளக் குண்டை நிலையாகச் சுழற்ற அது போதாது. பேப்பரில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித் துவாரம் மாதிரி நீள ஓட்டை விழுந்தால் குண்டு பக்கவாட்டில் புரண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மொத்தம் ஐந்து அல்லது ஆறு வகை போதும். பதினைந்து வகையைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு சுட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்றுமே தெரியவராது. என் பரிந்துரை இப்படி இருக்கும்: பயிற்சி வகையில் இரண்டு, அதாவது சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் மாதிரி. நடுத்தரத்தில் இரண்டு, எஸ்கே ரைஃபிள் மேட்ச், லபுவா சென்டர்-எக்ஸ் மாதிரி. வசதியிருந்தால் மேல்தட்டில் ஒன்று, ஏலி டெனெக்ஸ், லபுவா மிடாஸ் பிளஸ், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50 இவற்றில் ஏதாவது. மேல்தட்டு வகையை வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஒரு டப்பா சுட்டுப் பார்ப்பது நல்லது, உங்கள் ரைஃபிளாலும் உங்களாலும் எவ்வளவு முடியும் என்ற எல்லை அதில் தெரியும். அதிலும் குரூப், அதாவது பேப்பரில் ஓட்டைகள் விழுந்த கொத்து, விரிந்தே வந்தால் பிரச்சினை தோட்டாவில் இல்லை, ஸ்கோப்பிலோ திருகிலோ உங்கள் டிரிகர் விரலிலோ இருக்கிறது. அப்புறம், நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டா எதுவோ அதையும் கட்டாயம் சேருங்கள், ஒப்பிட ஒரு அடித்தளம் வேண்டும்.

ஒவ்வொன்றிலும் இரண்டு டப்பா, அதாவது 100 தோட்டா. வாங்கும்போது டப்பாவைத் திருப்பி லாட் எண்ணை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண்ணைப் பாருங்கள், இரண்டு டப்பாவிலும் அது ஒன்றாக இருக்கவேண்டும். ஒரே பெயர், ஒரே லேபிள், லாட் மட்டும் வேறு என்றால் அது கிட்டத்தட்ட வேறு தோட்டா என்று நினைத்துக்கொள்ளுங்கள். பொறி மருந்துக் கலவை, வெடிமருந்துத் தொகுதி, இயந்திரத்தின் தேய்மானம் எல்லாம் லாட்டுக்கு லாட் மாறும். ஒரு தடவை நான் ஒரு தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, அருமையாக இருக்கிறதென்று பெட்டியாக வாங்கி வந்தேன், லாட் எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பெட்டி வேறு லாட். அதே ரைஃபிள், அதே மேசை, குரூப் மட்டும் ஒன்றரை மடங்கு. அந்தப் பெட்டியைப் பயிற்சிக்கென்று சுட்டுத் தீர்க்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

ரைஃபிளை முதலில் சரி பார்த்துவிடுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்காதீர்கள். கட்டையையும் ஆக்ஷனையும் (போல்ட் ஓடும் உலோகப் பகுதி) இணைக்கும் திருகுகள் கம்பெனி சொன்ன இறுக்கத்தில் இருக்கின்றனவா, ஸ்கோப் வளையங்களும் அடிப்பகுதியும் அசைகின்றனவா என்று பாருங்கள். ஸ்கோப்பில் பாரலாக்ஸ் திருத்தி இருந்தால் நீங்கள் சுடும் தூரத்துக்கு வையுங்கள். ரைஃபிளைப் பையின் மீது அசையாமல் வைத்துவிட்டு, தலையை மட்டும் மேலும் கீழும் நகர்த்திக் கண்ணை ஓட்டினால் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகரக் கூடாது. 100 கஜத்துக்கென்று நிலையாகச் செய்த ஸ்கோப்பை 50 மீட்டரில் பயன்படுத்தினால் இந்த நகர்வு இருக்கும், அப்போது கன்னத்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைப்பதுதான் வழி. குழலைச் சோதனைக்கு முன் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள், அப்புறம் சோதனை முடியும் வரை தொடாதீர்கள்.

முன்னால் பொருத்தும் இரண்டு கால் தாங்கியான பைபாட் வேண்டாம் என்பது என் கருத்து. முன்னால் ஒரு கனமான மணல் பை, பின்னால் கட்டையின் அடியில் சின்ன மணல் பை, பின் பையைக் கையால் பிசைந்து உயரத்தைச் சரிசெய்வது, இதுதான் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். ரிம்ஃபயரில் உதை கிடையாது, அதனால் பிடிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பார்கள், உண்மை அதற்கு நேர்மாறு. குண்டு மெதுவானது, குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் நீங்கள் தோளை அழுத்தினாலும் கன்னத்தை எடுத்தாலும் அது பேப்பரில் போய் விழும். டிரிகரை இழுத்த பின்னும் ஒரு நொடி அப்படியே இருங்கள்.

சுடும் நாள்

50 மீட்டரில் தொடங்குங்கள். 25 மீட்டரில் எல்லாத் தோட்டாவும் நல்லவையாகத் தெரியும், வித்தியாசம் புலப்படாது. 100 மீட்டரில் காற்று புகுந்து எல்லாவற்றையும் குழப்பும். காற்றில்லாத அதிகாலை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று, முகத்தில் படுவது கூட சரியாகத் தெரியாது, அதுவே 50 மீட்டரில் ஒரு .22 குண்டைச் சுமார் அரை சென்டிமீட்டர் தள்ளிவிடும். 50 மீட்டர் ரைஃபிள் போட்டிப் பேப்பரில் பத்து வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், அதை வைத்து யோசித்துப் பாருங்கள். ஒரு குச்சியில் பிளாஸ்டிக் நாடா கட்டிப் பாதித் தூரத்தில் நட்டு வையுங்கள், ரேஞ்ச் அலுவலர் அனுமதித்து, எல்லாரும் சுடுவதை நிறுத்தியிருக்கும்போது மட்டும். நாடா தொங்கும்போது சுடுங்கள், பறக்கும்போது காத்திருங்கள். எல்லாத் தோட்டாவுக்கும் இந்த விதி ஒன்றாக இருக்கவேண்டும்.

சரி, இப்போது மெழுகு விஷயம். ஒரு கம்பெனித் தோட்டாவைச் சுடும்போது அதன் மெழுகு குழலின் உள்ளே மெல்லிய படலமாகப் படிகிறது, அந்தப் படலம் நிலைத்த பிறகுதான் குரூப் தன் உண்மையான அளவுக்கு வரும். வேறு தோட்டாவுக்கு மாறும்போது பழைய மெழுகின் மேல் புது மெழுகு படிய வேண்டியிருக்கிறது, முதல் சில குண்டுகள் எங்கேயோ போகும். அதனால் ஒவ்வொரு தோட்டா மாற்றத்துக்கும் குறைந்தது 10, முடிந்தால் 20 குண்டு வேறு ஒரு பேப்பரில் சும்மா சுட்டுவிடுங்கள். இது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் இதைச் செய்யாத ஒப்பீட்டில் நீங்கள் அளப்பது புதுத் தோட்டாவை இல்லை, முந்தைய தோட்டாவின் எச்சத்தை. ஒன்று மாற்றி ஒன்று என்று ஐந்து வகையையும் கலந்து சுடுவதும் இதே காரணத்தால் ரிம்ஃபயரில் உதவாது.

படலம் படிந்ததும் ஐந்து குண்டு குரூப்பாக ஐந்து குரூப், ஒவ்வொன்றும் தனித்தனிக் குறிப்புள்ளியில். ஒரு பேப்பரில் ஐந்து புள்ளி வரைந்துகொண்டால் வசதி, மேலே தோட்டாவின் பெயர், லாட் எண், தேதி, நேரம், காற்று, வெப்பம் எழுதிவிடுங்கள். குரூப் குறிப்புள்ளியிலிருந்து தள்ளி விழுந்தாலும் ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். தோட்டாவுக்குத் தோட்டா விழும் இடம் மாறத்தான் செய்யும், இன்று நமக்கு வேண்டியது நெருக்கம் மட்டும். நடு மையத்தில் விழவே கூடாது என்றுகூட நான் வைத்துக்கொள்வேன், ஏனென்றால் குறிபார்க்கும் புள்ளியே கிழிந்து போனால் அடுத்த குண்டுக்கு எங்கே பார்ப்பது?

ஒரே சீராகச் சுடுங்கள். குண்டுக்குக் குண்டு 15, 20 நொடி இடைவெளி. சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டாவை ஏற்றிவிட்டு நீண்ட நேரம் காத்திருக்காதீர்கள், குழல் சூடாக இருந்தால் மெழுகு இளகும். மேசையின் மேல் வெயில் பட்டால் டப்பாவை நிழலில் வையுங்கள், ஒரு டப்பா வெயிலிலும் இன்னொன்று பைக்குள்ளும் இருந்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டுப்போயிற்று.

நண்பர் கூட வந்தால் ஒரு நல்ல உத்தி உண்டு. அவரை ஐந்து தோட்டாக்களாக ஒரு மரக்கட்டையில் அடுக்கித் தரச் சொல்லுங்கள், எந்த வகை என்று உங்களிடம் சொல்லக் கூடாது, அவர் குறித்துக்கொண்டால் போதும். உயர்ந்த டப்பாவைப் பார்த்ததும் மூச்சை நிதானமாக விடுவதும், மலிவான டப்பா என்றதும் அசட்டையாக இழுப்பதும் நமக்கே தெரியாமல் நடக்கிறது. மெழுகின் நிறத்தையும் ஈரத்தையும் பார்த்துக் கொஞ்சம் ஊகித்துவிடுவோம்தான், இருந்தாலும் பெயர் தெரியாமல் சுடும்போது கை வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

இடையில் பாதுகாப்பு பற்றி, இது சோதனையின் ஒரு பகுதிதான். சுத்தி விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே வைத்துக் குறைந்தது 30 நொடி காத்திருங்கள், அப்புறம் முகத்தை விலக்கிக்கொண்டு போல்ட்டைத் திறங்கள். அது எந்த வகை என்று பேப்பரில் குறியுங்கள், வெடிக்காத தோட்டா உள்ள லாட்டை நான் போட்டிக்கு எடுக்க மாட்டேன். சத்தம் மந்தமாக, வழக்கமில்லாமல் வந்தால் நிறுத்துங்கள். ரைஃபிளைக் காலி செய்து, குழலுக்குள் குண்டு மாட்டியிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்காமல் அடுத்ததை ஏற்றவே கூடாது. போட்டி ரைஃபிள்களின் சேம்பர் இறுக்கமானது, போல்ட்டை மூடும்போதே குண்டின் ஈயத்தில் வரிகள் பதியும், அந்த லேசான தடை கையில் தெரியும். அப்படிப்பட்ட ரைஃபிளில் சுடாத தோட்டாவை வெளியே இழுத்தால் சில சமயம் கூடு மட்டும் வந்துவிடும், குண்டு உள்ளே தங்கி, மருந்து ஆக்ஷன் முழுக்கக் கொட்டும். அதனால் சுடும் கட்டளை இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். ஈயம் கையில் ஒட்டும், சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அளப்பதும் அதை நம்புவதும்

வழக்கமான அளவு, ஒரு குரூப்பில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம். காலிப்பரால் அந்த இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, ஒரு குண்டின் பருமனைக் கழித்தால் போதும். குண்டு 5.6 மில்லிமீட்டர்தான், ஆனால் பேப்பரில் ஓட்டை அதைவிடச் சின்னதாகத் தெரியும், காகிதம் சுருங்கிக்கொள்கிறது. அதே பேப்பரில் தனியாக விழுந்த ஒரு ஓட்டையை அளந்து அந்த எண்ணைக் கழியுங்கள், எல்லா வகைக்கும் அதே எண். ஓட்டையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும், ஈயமும் மெழுகும் துடைத்த தடம், அதன் வெளிக்கோட்டை வைத்து அளந்தால் இன்னும் சரியாக வரும்.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே எனக்கு முக்கியமான இடம். ஒரு குரூப் பொய் சொல்லும். உங்கள் தோட்டாவின் உண்மையான சராசரி 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே மாறாமல், அதே ரைஃபிள், அதே கை, அதே காற்று, ஒரு ஐந்து குண்டு குரூப் 10 வரும், அடுத்தது 18 வரும். இது சர்வ சாதாரணம், வெறும் தற்செயல். ஐந்து குண்டு குரூப்பின் அளவு தன் சராசரியிலிருந்து சுமார் கால் பங்கு ஏறி இறங்குவது அதன் இயல்பு. அந்த 10-ஐ மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டு "இதுதான் என் தோட்டா" என்று முடிவு கட்டினால், நீங்கள் தேர்ந்தெடுத்தது தோட்டாவை இல்லை, ஒரு அதிர்ஷ்டமான நிமிடத்தை. ஐந்து குரூப்பின் சராசரி எடுத்தால் இந்த ஆட்டம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆக ஒரு தோட்டா 14, இன்னொன்று 15 என்றால் இரண்டும் சமம் என்று எழுதிக்கொள்ளுங்கள், மலிவானதை வாங்குங்கள். 14, 20 என்றால் வித்தியாசம் நிஜம்.

குண்டுகளின் எண்ணிக்கை வேறு வேறாக இருந்தால் குரூப்பை ஒப்பிடவே முடியாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒரே சிதறல் உள்ள தோட்டாவில், மூன்று குண்டு குரூப்பின் சராசரி 24 மில்லிமீட்டர் என்றால் ஐந்து குண்டில் அது சுமார் 31 வரும், பத்து குண்டில் 38. தோட்டா மோசமாகவில்லை, தூரப் போக வாய்ப்புள்ள குண்டுகள் கூடின, அவ்வளவுதான். யாராவது மூன்று குண்டு குரூப்பைக் காட்டினால் அதை உங்கள் ஐந்து குண்டு குரூப்போடு வைத்து மனம் தளராதீர்கள்.

நான்கு குண்டு ஒரே ஓட்டையில், ஐந்தாவது மட்டும் தனியே. ஃப்ளையர். "அதை விட்டுவிட்டால் குரூப் 6 மில்லிமீட்டர்" என்று எல்லாரும் சொல்வோம். விடக்கூடாது. ரிம்ஃபயர் தோட்டாவின் தரமே அந்த ஐந்தாவது குண்டில்தான் இருக்கிறது. மலிவான தோட்டாவும் பெரும்பாலான குண்டுகளை நன்றாகவே போடும், இருபதுக்கு ஒன்றோ முப்பதுக்கு ஒன்றோ எங்கேயோ போகும். விலை கூடிய தோட்டாவுக்கு நீங்கள் கொடுக்கும் காசு அந்த ஒன்று வராமல் இருப்பதற்கு. ஒரே ஒரு விலக்கு: டிரிகர் விடுபட்ட அந்தக் கணத்திலேயே, ஓட்டையைத் தேடிப் பார்ப்பதற்கு முன், "இது நான் இழுத்தது" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அந்தக் குண்டை ஒதுக்கி இன்னொன்று சுடலாம். பார்த்த பின் சொன்னால் செல்லாது.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆசை இருந்தால், ஒவ்வொரு ஓட்டையும் குரூப்பின் நடுமையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுங்கள். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளை மட்டும் பார்க்கும் வழக்கமான அளவைவிட இது நேர்மையானது, ஏனென்றால் சுட்ட 25 குண்டும் கணக்கில் வருகிறது. கையால் செய்வது சலிப்பு, பேப்பரைப் படம் பிடித்து ஓட்டைகளைத் தொட்டுக் காட்டினால் கணக்குப் போட்டுத் தரும் செயலிகள் இருக்கின்றன.

குரூப்பின் வடிவத்தையும் கவனியுங்கள். பக்கவாட்டில் நீண்டிருந்தால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் குண்டின் வேகம் ஏறி இறங்குகிறது, இல்லையென்றால் உங்கள் பின் பையின் அழுத்தம் மாறுகிறது. வேகம் பற்றி ஒரு சின்னக் கணக்கு: நொடிக்கு 327 மீட்டரில் கிளம்பும் குண்டு 50 மீட்டர் போக 0.15 நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கிறது, அதற்குள் 12 சென்டிமீட்டர் போலக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு குண்டுக்கு நடுவில் வேகம் நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசப்பட்டால் பேப்பரில் அது சுமார் 7 மில்லிமீட்டர் உயர வித்தியாசம். 100 மீட்டரில் அதுவே 3 சென்டிமீட்டர். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் இதை நேரடியாகப் பார்க்கலாம். ஆனால் வேகம் சீராக இருக்கும் தோட்டாதான் 50 மீட்டரில் ஜெயிக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். குழல் அதிரும்போது அதன் வாய் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, மெதுவான குண்டு கொஞ்சம் மேல் நோக்கிக் கிளம்பி வித்தியாசம் சமன்படுவதும் உண்டு. பேப்பர் சொல்வதுதான் தீர்ப்பு, குரோனோகிராஃப் அதற்குக் காரணம் சொல்ல உதவும்.

மறுநாளும் போக வேண்டும்

முதல் நாள் பட்டியலில் கடைசி இடத்திலுள்ள இரண்டைத் தள்ளிவிட்டு, மற்றவற்றோடு இன்னொரு நாள் போங்கள், இந்த முறை வரிசையைத் தலைகீழாக மாற்றி. முதல் நாள் கடைசியில் சுட்டதை இன்று முதலில். காலையில் கை புதிது, மதியத்தில் கண் சோர்ந்துவிடும், காற்றும் ஏறியிருக்கும், வரிசை மாறாவிட்டால் எப்போதும் கடைசியில் வரும் தோட்டாவுக்கு அநியாயம் நடந்துகொண்டே இருக்கும். மறுபடி மெழுகுப் படலம், மறுபடி ஐந்து குரூப். இரண்டு நாளின் பத்து குரூப்பையும் சேர்த்துச் சராசரி எடுங்கள். முதல் நாள் முதலிடம் வந்தது இரண்டாம் நாள் மூன்றாவதாகப் போவது அடிக்கடி நடக்கும், அதற்குத்தான் இந்த இரண்டாம் நாளே.

100 மீட்டரிலோ அதற்கு மேலோ சுடுகிறவர் என்றால், மிஞ்சியவற்றில் முதல் இரண்டு தோட்டாக்களை மட்டும் அந்தத் தூரத்தில் சோதியுங்கள். 50-இல் சமமாக இருந்தவை அங்கே பிரிந்துவிடும், வேகச் சீர்மை உள்ளது முன்னே வரும். குளிர் அதிகமுள்ள இடத்தில் சுடுகிறவர்கள் குளிரிலும் ஒரு முறை சோதிக்கவேண்டும். மெழுகு இறுகும், குண்டின் நடத்தை மாறும், பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டியின் வீரர்களுக்கென்று தனித் தோட்டாவே செய்கிறார்கள். தவிர, ஒலியின் வேகமும் குளிரில் குறைகிறது, மைனஸ் 10 டிகிரியில் அது 325 மீட்டருக்கு வந்துவிடும். வெயிலில் ஒலிக்குக் கீழே பறந்த அதே ஸ்டாண்டர்ட் தோட்டா அங்கே ஒலியின் எல்லையில் போய் நிற்கிறது.

தோட்டாக்களை விளிம்பின் தடிமன் பார்த்தும் எடை பார்த்தும் பிரித்து வைப்பதை நானும் பல மாலைகள் செய்திருக்கிறேன். மலிவான லாட்டில் ஃப்ளையர் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, நல்ல லாட்டில் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அந்த நேரத்துக்கு இன்னொரு லாட் சோதித்திருக்கலாம். மேல்மட்டப் போட்டிக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். லபுவா, ஏலி போன்ற கம்பெனிகள் சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன, உங்கள் ரைஃபிளின் குழலும் ஆக்ஷனும் இறுக்கிப் பிடியில் பொருத்தப்பட்டு, ஆள் கை படாமல், பல லாட்டுகள் வரிசையாகச் சுடப்பட்டு, எது நெருக்கமோ அந்த லாட்டையே வாங்கிவரலாம். அங்கேயும் கேள்வி நம்முடையதே: இந்தக் குழலுக்கு எது?

தோட்டா கிடைத்ததும், அதே லாட்டில் உங்களால் முடிந்த அளவு, குறைந்தது ஒரு வருடத்துக்கு ஆகுமளவு வாங்குங்கள். ஈரமில்லாத, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில், பூட்டி வையுங்கள். டப்பாவைக் கீழே போட்டால் அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள், ஈய மூக்கு எளிதில் நசுங்கும். அந்த லாட் தீரப்போகும்போது கடைசி இரண்டு டப்பாவை மட்டும் சுடாமல் எடுத்து வையுங்கள், மேலே லாட் எண்ணையும் பத்து குரூப்பின் சராசரியையும் பேனாவால் எழுதி. அடுத்த லாட்டைத் தேடப் போகும் நாளில் புதியதை எதனோடு ஒப்பிடுவது என்று முழிக்க வேண்டியதில்லை, பழைய டப்பா மேசையிலேயே இருக்கும்.